றிப்பன் கட்டிய மருந்து அலுமாரி

கொட்டாஞ்சேனையில் வீட்டோடு கேக் செய்து விற்கும் ஐறீனுக்குப் பூனை வளர்க்கும் எண்ணம் ஒருநாளும் இருந்ததில்லை. வெண்ணெயும் முட்டையும் பால்மாவுமாகக் கிடக்கிற வீட்டுக்குள் பூனையை விடுவதும் கள்ளன் கையில் சாவியைக் கொடுப்பதும் ஒன்றுதான் என்பது அவளுடைய கட்சி. ஆனால் விடிய விடிய மழை பெய்த ஒரு நாள் அவள் பின்கதவைத் திறந்தபோது, வெறும் கேக் பெட்டிகள் அடுக்கியிருந்த மூலையிலிருந்து கீச்சென்று ஒரு குரல் வந்தது. நனைந்து தொய்ந்த பெட்டிக்குள் இரண்டு குட்டிகள். ஒன்று மஞ்சள், மற்றது கறுப்பும் சிவப்பும் கலந்தது. இரண்டுக்கும் கண்கள் பீளை கட்டி ஒட்டியிருந்தன. தாய்ப்பூனை முதல்நாள் பெரிய ரோட்டில் லொறியில் அடிபட்டுவிட்டதாக முன்வீட்டார் சொன்னார்கள்.

"ரெண்டு நாளைக்கு வச்சிப் பாப்பம்" என்றாள் ஐறீன்.

அவளுடைய புருஷன் ஜனா த்ரீவீல் ஓட்டுகிறவன். எதையும் உடனே நம்பமாட்டான்.

"ரெண்டு நாளைக்கு எண்டுதான் ஒன்ட தம்பியும் வந்தான். ரெண்டு வருஷம் இருந்துட்டுப் போனான்" என்றான். ஆனாலும் தன்னுடைய பழைய பெனியனைக் கொண்டுவந்து பெட்டிக்குள் விரித்தது அவன்தான்.

மத்தியானத்துக்குள் மஞ்சள் குட்டிக்குப் பட்டர் என்றும் மற்றதற்கு ஜாம் என்றும் பெயராகிவிட்டது. சாயங்காலத்துக்குள் இரண்டுக்கும் வயிற்றாலடி என்பதும் பெனியனைப் பார்த்தபோது தெரிந்துவிட்டது. பட்டர் தும்மியது. ஜாம் தும்மக்கூடச் சத்தில்லாமல் கிடந்தது. பக்கத்துத் தெருவில் இருந்த மிருக வைத்தியர், நாட்டில் பெற்றோல் தட்டுப்பாட்டு வரிசைகள் ஓய்ந்த கையோடு குடும்பத்துடன் அவுஸ்திரேலியா போய்விட்டார். அப்போதுதான் பிறந்தநாள் கேக் எடுக்க வந்த ஒரு பெண், வெள்ளவத்தையில் ஒரு சபை இருக்கிறது, தெருப் பூனைக்குட்டிகளுக்கு இலவசமாக வைத்தியம் பார்க்கிறார்கள் என்று சொன்னாள்.

சபையின் பெயர் ஜீவகாருண்ய மார்ஜார பரிபாலன சபை. மார்ஜாரம் என்றால் பூனை. பூனை என்றே வைத்திருக்கலாமே என்று ஆரம்பத்தில் யாரோ கேட்டார்களாம். பூனை என்றால் வெளிநாட்டில் இருக்கிற நம்மவர்கள் சிரிப்பார்கள், மார்ஜாரம் என்றால் எழுந்து நிற்பார்கள் என்று தலைவர் விளக்கம் சொன்னாராம். எழுந்து நின்றவர்கள் அனுப்பிய நன்கொடையில்தான் காலி வீதியிலிருந்து கடற்பக்கம் இறங்கும் ஒழுங்கையில் சபைக்கென்று ஒரு மாடிக் கட்டடம் எழும்பியிருந்தது.

ஐறீன் பெட்டியோடு மாடிக்கு ஏறினாள். வாசலில் செருப்பைக் கழற்றச் சொல்லி ஒரு பலகை இருந்தது. உள்ளே ஸ்தாபகர், ஸ்தாபகரின் தகப்பன், போஷகர்கள் எல்லோருடைய படங்களும் மாலையோடு தொங்கின. பூனைப் படம் ஒன்றும் இல்லை. ஒரு பக்கத்தில் கண்ணாடி அறை. அதற்குள் வெள்ளை மேலங்கி போட்ட ஓர் இளம்பெண் நாற்காலியில் சாய்ந்து கதைப்புத்தகம் வாசித்துக்கொண்டிருந்தாள். அவளுக்குப் பின்னால் ஓர் உயரமான மருந்து அலுமாரி. அதன் இரண்டு கதவுகளையும் சேர்த்து அகலமான சிவப்பு றிப்பன் கட்டியிருந்தது.

"டொக்டர் அவங்களா?" என்று கேட்டுக்கொண்டே ஐறீன் கண்ணாடிக் கதவை நோக்கி நடந்தாள்.

"நில்லும், நில்லும்!" என்று மேசையிலிருந்து எழுந்து வந்தவர் செயலாளர் பத்மாவதி. வயது அறுபதுக்கு மேல், பட்டுச் சேலை, கழுத்தில் சபையின் பதக்கம். "நீர் பாட்டுக்கு நேர டொக்டரிட்டப் போறீர். இதென்ன ஆஸ்பத்திரியே?"

"ஆஸ்பத்திரி இல்லியா மிஸ்?"

"ஆஸ்பத்திரிதான். அதுக்கு ஒரு ஒழுங்கிருக்குது. இது தெருப் பூனையோ வீட்டுப் பூனையோ?"

"தெருவிலதான் கெடந்திச்சி. இப்ப எங்கட வீட்டில இருக்குது."

பத்மாவதி பெருமூச்சு விட்டார். "அப்ப தெருப் பூனை. நாங்கள் தெருப் பூனைக்கு வைத்தியம் பாக்கிறேல்ல."

"வெளிய போர்ட்டில தெருப் பூனைக்கு எண்டுதானே எழுதியிருக்கு மிஸ்?"

அந்த நேரம் உள்ளறையிலிருந்து தலைவர் சவுந்தரநாயகம் வெளியே வந்தார். வெள்ளை வேட்டி, நாஷனல் சட்டை, கையில் ஒரு சுடுதண்ணிப் பிளாஸ்க். தொண்டையைப் பாதுகாப்பதற்காக அவர் அதை எங்கேயும் கொண்டுபோவார். ஒரு ஆளிடம் பேசினாலும் சபையில் பேசுவதுபோலத்தான் பேசுவார்.

"தங்கச்சி, உங்கள் கேள்வி நியாயமானது" என்று தொடங்கினார். "தெருப் பூனைக்கு வைத்தியம் பார்த்தால் என்ன நடக்கும்? அது சுகமாகித் தெருவுக்கே போகும். எங்கள் வைத்தியம் தெருவில் திரியும். அது சபைக்கு மரியாதையா? ஆகவே முதலில் அதை ஒருவர் தத்தெடுக்க வேண்டும். தத்தெடுத்தவரைச் சபை ஏற்க வேண்டும். ஏற்றதைப் பகிரங்க விழாவில் அறிவிக்க வேண்டும். அதன் பிறகு அது வீட்டுப் பூனை. வீட்டுப் பூனைக்கு வைத்தியம் இலவசம்."

"நான் அதுகள எடுத்து வளக்கிறன்தானே சேர்."

"வளர்ப்பது வேறு, ஏற்கப்படுவது வேறு. பெற்ற தாய்கூடச் சில நேரம் ஏற்கப்படுவதில்லை." இந்த வசனம் அவருக்கே பிடித்துவிட்டது போலிருந்தது. இன்னொரு தரம் சொல்லிப் பார்த்துவிட்டுப் பிளாஸ்கைத் திறந்து ஒரு மிடறு குடித்தார். "இன்னொன்றும் சொல்ல வேண்டும். இந்த வைத்தியசாலை தொடங்கிய நாளிலிருந்து இன்றுவரை எங்கள் கையில் ஓர் உயிர்கூடப் போனதில்லை. கொழும்பில் வேறு எந்த வைத்தியசாலை இப்படிச் சொல்லும்?"

ஐறீன் உண்மையாகவே பிரமித்துப்போனாள். இவ்வளவு கைராசியான இடத்தில் கொஞ்சம் காத்திருந்தால்தான் என்ன என்று அவளுக்குத் தோன்றியது. வருகிற கிழமை வீட்டைப் பார்வையிட வருவதாகப் பத்மாவதி சொன்னதும், நன்றி சொல்லிவிட்டுப் படியிறங்கினாள்.

பாதிப் படியில் பின்னாலிருந்து யாரோ "ஷ்ஷ்" என்றார்கள். கண்ணாடி அறை டொக்டர்.

"நான் றலியா. பெட்டியக் கொஞ்சம் தெறங்க" என்று படியிலேயே குந்தினாள். பட்டரின் வயிற்றைத் தடவினாள், ஜாமின் உதட்டைத் தூக்கிப் பல்முரசைப் பார்த்தாள். "வயித்தில பூச்சி. நெஞ்சிலயும் சளி. பசும்பால் குடுக்காதீங்க, வயித்தாலடி கூடும். பூனைக்குட்டிக்கெண்டே பால்மா இரிக்கி, அதக் கரைச்சிக் குடுங்க. கண்ணச் சுடவச்சி ஆறின தண்ணியில பஞ்ச நனைச்சித் தொடைங்க." பிறகு ஒரு பஸ் டிக்கட்டின் பின்பக்கத்தில் கண் மருந்தின் பெயரை எழுதிக் கொடுத்தாள்.

"பூச்சி மருந்து, டொக்டர்?"

"நிறுத்துப் பாத்துத்தான் குடுக்கோணும். தராசு, மருந்து எல்லாம் அந்த அலுமாரிக்குள்ள எண்டு சொல்றாங்க. நான் கண்டதில்ல."

"ஏன்?"

"றிப்பன் கட்டியிரிக்கிதே! வெட்டுறதுக்குக் கனடா ரொறன்ரோவில இரிந்து ஒரு பெரிய மனிசர் வரோணுமாம். மூணு மாசமா நாளைக்கு வாறார், நாளண்டைக்கு வாறார். நான் வேலைக்குச் சேந்து இன்னும் ஒரு பூனையத் தொடல்ல. இதுதான் மொதல்."

அப்போதுதான் ஐறீனுக்கு, அந்த வைத்தியசாலையில் ஏன் ஓர் உயிரும் போகவில்லை என்பது விளங்கியது.

கண் மருந்து வேலை செய்தது. நாலைந்து நாளில் பட்டர் இரண்டு கண்ணையும் திறந்து, முதன்முதலாகக் கண்ட காட்சியான ஜனாவின் கால் பெருவிரலைக் கடித்தது. ஜாமுக்கு ஒரு கண் பாதி திறந்தது. ஆனால் அது பாலை நக்கிவிட்டுப் பாதியில் தூங்கிப்போனது. ஐறீன் கேக் அடித்துக்கொண்டிருக்கும்போதே இடைக்கிடை கை துடைத்துக்கொண்டு போய் அது மூச்சு விடுகிறதா என்று பார்த்தாள்.

சொன்னபடி தலைவரும் செயலாளரும் வந்தார்கள். ஒழுங்கைக்குள் கார் நுழையாததால் தெருமுனையிலிருந்து நடந்து வந்தார்கள். வரும்போதே தலைவருக்கு ஒரு சட்டப் பிரச்சினை தோன்றியிருந்தது.

"இந்தக் குட்டிகள் பிறந்தது கொட்டாஞ்சேனையில். எங்கள் சபை யாப்பின் விதிகள் வெள்ளவத்தை மார்ஜாரங்களுக்கு உரியவை. பிறப்பால் இவை வெளியூர்."

"தாய்ப்பூனை எங்கால வந்ததோ தெரியாதே, தலைவர்" என்றார் பத்மாவதி. "வெள்ளவத்தைப் பூனையாவும் இருக்கலாம்."

தலைவர் சற்று யோசித்தார். "தாய்வழி வெள்ளவத்தை என்று கொள்ளலாம்" என்று தீர்ப்புச் சொன்னார்.

பத்மாவதி வீட்டைச் சுற்றிப் பார்த்தார். குசினிக்குள் அடுப்பைப் பார்த்தார். சுவரில் இருந்த அந்தோனியார் படத்தையும் பார்த்தார்.

"குட்டியளுக்கு ஞானஸ்நானம் ஏதும் குடுத்தனீரோ?"

"பூனைக்கா மிஸ்?"

"கேட்டு வைக்கிறது. நாளைக்கு யாரும் ஒண்டு சொல்லக் கூடாது. நீங்கள் மச்சம் சாப்பிடுறனீங்களோ?"

"ஓம் மிஸ். மீன் இல்லாட்டி இவருக்குச் சோறு எறங்காது."

"அதுதான் பிரச்சினை. சபைப் பூனைகள் வெள்ளிக்கிழமையில சைவம்."

"அதுகளுக்கு வெள்ளிக்கிழமை எண்டு எப்பிடி மிஸ் தெரியும்?"

"நீர் சொல்லிக் குடுக்க வேணும். வளர்ப்பெண்டா அதுதான்."

ஜனா தொண்டையைச் செருமினான். பேசினால் என்ன பேசுவான் என்று ஐறீனுக்குத் தெரியும் என்பதால் அவனைக் கடைக்கு அனுப்பிச் சோடா வாங்கிவரச் சொன்னாள்.

தலைவர் கதிரையில் அமர்ந்து ஜாமைத் தன் மடியில் வைக்கச் சொன்னார். ஐறீன் தயங்கித் தயங்கி வைத்தாள். எலும்பும் தோலுமாக, ஒரு கண் மூடி, வால் சூம்பிப்போய்க் கிடந்த அந்தக் குட்டியைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்தது.

"ஆஹா! இப்படி ஒரு குட்டி கிடைப்பது அரிது, செயலாளர். பார்த்த உடனே நெஞ்சு உருகும். ரொறன்ரோக்காரர் அழுதுவிடுவார். இவைதான் எங்கள் முதல் பயனாளிகள். அவர் ஞாயிற்றுக்கிழமை வருவது உறுதியாகிவிட்டது." பிறகு பட்டரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். முகம் சுருங்கியது. "இதற்குக் கண் சுகமாகிவிட்டதே! யார் மருந்து கொடுத்தது?"

றலியாவின் வேலைக்கு வினை வந்துவிடும் என்று ஐறீனுக்குப் புரிந்தது. சட்டென்று சுவரைக் காட்டினாள்.

"அந்தோனியார், சேர்."

தலைவர் படத்தை நோக்கி அரைக் கும்பிடு போட்டார். "நல்லது. ஆனால் ஞாயிறு வரைக்கும் மற்றக் குட்டியாவது சுகமாகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்" என்றார். அந்த நேரத்தில் ஜாமுக்கு வயிறு கலக்கியது. தலைவரின் வேட்டியில் அது தன் கருத்தைப் பதிந்தது. அவர் துள்ளியெழுந்து, எழுந்த பிறகும் நிதானம் இழக்காமல், "ஏற்றுக்கொள்ளப்பட்டது" என்று அறிவித்தார்.

போகும்போது பத்மாவதி ஒரு வேண்டுகோள் வைத்தார். விழாவுக்கு ஒரு கேக் வேண்டும், ஐறீனே செய்து அன்பளிப்பாகத் தந்தால் பொருத்தமாக இருக்கும். பூனை வடிவில் செய்யவா என்று ஐறீன் கேட்டாள். பூனையை மேடையில் வைத்துக் கத்தியால் வெட்டுவது ஜீவகாருண்யத்துக்கு முரண் என்றார் தலைவர். கடைசியில் சபைக் கட்டடத்தின் வடிவிலேயே, முட்டை சேர்க்காமல் செய்வது என்று முடிவானது.

ஞாயிற்றுக்கிழமை காலை ஜாம் பால் குடிக்கவில்லை. தூக்கினால் கை இருந்த பக்கம் தலை சரிந்தது. உள்ளங்கைக்குக் குளிர்ந்தது.

"இண்டைக்கு எங்கயும் தெறந்திருக்காது. அந்த டொக்டர் அங்கதானே இருப்பா, நட" என்றான் ஜனா. த்ரீவீலின் பின் சீட்டில் ஒரு பக்கம் கேக், ஒரு பக்கம் பட்டர் இருந்த கூடை, நடுவில் ஐறீன். ஜாமை அவள் சட்டைக்குள் நெஞ்சோடு வைத்திருந்தாள். கொள்ளுப்பிட்டி வரும்வரை அவள் செபம் சொன்னாள். அதற்குப் பிறகு செபத்தை விட்டுவிட்டு, வழிமறித்த பஸ்காரர்களை ஏசினாள்.

சபையின் மாடி மண்டபம் நிறைந்திருந்தது. மேடையில் தலைவர், செயலாளர், நடுவில் கோட் சூட்டோடு ரொறன்ரோவிலிருந்து வந்த பிரதம விருந்தினர், ஓரத்தில் றலியா. மருந்து அலுமாரியை மேடைக்கே தூக்கிவந்து வைத்திருந்தார்கள். றிப்பன் புதிதாக மாற்றப்பட்டிருந்தது. ஒரு மூலையில் நாதஸ்வரக் கோஷ்டி.

ஐறீனின் கையிலிருந்து தொண்டர்கள் கேக்கை வாங்கிப் பிரதம விருந்தினருக்கு முன்னால் இருந்த மேசையில் வைத்தார்கள். கூடையையும் வாங்கிப் பட்டருக்கு ஒரு சின்ன மல்லிகை மாலை போட்டார்கள். ஜாமையும் கேட்டார்கள். அவள் கொடுக்கவில்லை.

"டொக்டர் இதப் பாக்கணும். இப்பவே பாக்கணும்."

"வைத்தியம் ஒன்பதாவது நிகழ்ச்சி, அக்கா" என்றார் ஒரு தொண்டர். "இப்ப ரெண்டாவது நடக்குது."

இரண்டாவது, ஆசியுரை. மூன்றாவது, வரவேற்பு நடனம். பூனை வேஷம் போட்ட பிள்ளைகள் ஆடினார்கள். நான்காவதாகத் தலைவர் எழுந்தார். பிளாஸ்கைத் திறந்து ஒரு மிடறு குடித்துவிட்டு மைக்கைப் பிடித்தார்.

"கருணை என்றால் என்ன?" என்று கேட்டார். அவரே பதிலும் சொன்னார். "கருணை என்பது அவசரப்படாமை. இன்று உலகம் அவசரப்படுகிறது. குட்டி கத்துகிறதா, உடனே பால் கொடு. குட்டி இருமுகிறதா, உடனே மருந்து கொடு. இது கருணையா? இல்லை! இது பதற்றம். எங்கள் சபை ஒருநாளும் பதறியதில்லை. எத்தனையோ குட்டிகள் எங்கள் படியேறி வந்தன. நாங்கள் பதறவில்லை. அவை திரும்பிப் போயின. அவற்றில் ஒன்றுகூட இன்றுவரை எங்கள் மீது ஒரு குறை சொன்னதில்லை!"

கைதட்டல் எழுந்தது. பிரதம விருந்தினர் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்தார்.

ஐறீன் சட்டைக்குள் குனிந்து பார்த்தாள். ஜாமின் வாய் மெல்லத் திறந்து மூடியது. சத்தம் வரவில்லை. அவ்வளவு நேரமும் தலைவர் சொன்னதில் ஏதோ தனக்கு விளங்காத நியாயம் இருக்கும் என்று நினைத்துக்கொண்டிருந்தவள், அந்த வாயைப் பார்த்த பிறகு அப்படி நினைக்கவில்லை. நேரே மேடைப் படியில் ஏறினாள்.

"டொக்டர்!"

றலியா ஓடிவந்தாள். குட்டியைத் தொட்டவுடன் அவள் முகம் மாறியது. "ஐஸா குளிர்ந்திரிக்கி. சீனியும் எறங்கியிரிக்கி போல. எண்ட பையக் கொண்டுவர விடல்ல, மேடையில அழகில்லையாம், எல்லாம் அலுமாரியில இரிக்கி எண்டாங்க." அவள் அலுமாரியைப் பார்த்தாள். றிப்பனைப் பார்த்தாள். தலைவரைப் பார்த்தாள்.

"அது எட்டாவது நிகழ்ச்சி" என்று பத்மாவதி பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார். "நீர் கீழ போம். ஆக்கள் பாக்கினம்."

"பாக்கட்டும் மிஸ்" என்றாள் ஐறீன். கேக்குக்குப் பக்கத்தில் இருந்த கத்தியை எடுத்தாள். றிப்பனை ஒரே இழுப்பில் அறுத்தாள்.

றிப்பன் வெட்டியதும் ஊத வேண்டும் என்பதுதான் நாதஸ்வரக்காரருக்குச் சொல்லப்பட்டிருந்தது. யார் வெட்ட வேண்டும் என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. அவர் ஊதினார். தவில் முழங்கியது. சனம் எழுந்து நின்று கைதட்டியது. "நிறுத்துங்கோ!" என்று தலைவர் மைக்கில் கத்தியது கெட்டிமேளத்தில் கரைந்துபோனது.

அலுமாரியின் கதவுகள் இரண்டும் மெல்லத் திறந்தன.

தராசு இல்லை. மருந்து இல்லை. ஓர் ஊசிகூட இல்லை. மேல் தட்டிலிருந்து கீழ் தட்டுவரை பொன்னாடைகள். பச்சை, ஊதா, மாம்பழ மஞ்சள், ஜரிகை போட்டது, போடாதது. ஒவ்வொன்றிலும் யாருக்கு என்று துண்டு குத்தியிருந்தது.

"மருந்து அடுத்த கட்டம்" என்றார் பத்மாவதி, யாரும் கேட்காமலே. "முதல் கட்டம் கௌரவிப்பு."

றலியா ஒவ்வொரு தட்டாகக் கையால் துழாவினாள். பிறகு ஆகப் பெரிய பொன்னாடையாகப் பார்த்து உருவி எடுத்தாள். அடர்ந்த ஊதா நிறத்தில், கம்பளிபோலத் தடித்தது. அதற்குள் ஜாமைச் சுற்றினாள். தலைவரின் மேசையிலிருந்த பிளாஸ்கை எடுத்து, ஒரு வெறும் தண்ணீர்ப் போத்தலுக்குள் சுடுதண்ணீரை ஊற்றி, அதையும் பொன்னாடைக்குள் சேர்த்து அணைத்து வைத்தாள்.

"அது என் தொண்டைக்கு!" என்றார் தலைவர்.

"சீனி வேணும்" என்றாள் றலியா. "வெறும் சீனி."

தேநீர்ச் சாமான்கள் கீழ்மாடியில் பூட்டியிருந்தன. ஐறீன் கேக்கைப் பார்த்தாள். சபைக் கட்டடத்தின் கூரைக்கு அவள் ஐசிங் சீனியைத் தடிப்பாகத் தூவியிருந்தாள். கத்தியைத் திருப்பிப் பிடித்து அந்தக் கூரையைச் சுரண்டி ஒரு கோப்பைக்குள் போட்டாள். சுடுதண்ணீர் கொஞ்சம் விட்டுக் கரைத்தாள். றலியா விரல் நுனியில் தொட்டுத் தொட்டு ஜாமின் முரசில் தடவினாள். பிரதம விருந்தினர் இதையெல்லாம் தன் போனில் படம் பிடித்துக்கொண்டிருந்தார். இது ஒன்பதாவது நிகழ்ச்சி என்று அவர் நினைத்துக்கொண்டார்.

கெட்டிமேளம் ஓய்ந்தபோது ஜாமின் நாக்கு நுனி வெளியே வந்து றலியாவின் விரலை நக்கியது.

"இன்னும் தப்பயில்ல" என்றாள் றலியா. "சேலைன் ஏத்தோணும். தெஹிவளையில எண்ட கூட்டாளி ஒருத்தி கிளினிக் வச்சிரிக்கா, போன் பண்ணினாத் தெறப்பா. வாகனம் இரிக்கா?"

"வாசல்ல ஜனா நிக்கிறாரு!"

இருவரும் மேடையிலிருந்து இறங்கி ஓடினார்கள். ஐறீன் பாதி வழியில் திரும்பி வந்து மாலை போட்ட பட்டரையும் கூடையோடு தூக்கிக்கொண்டாள். வாசலைத் தாண்டும்போது மைக்கில் தலைவரின் குரல் கேட்டது. அவருடைய குரல் எப்படியோ மறுபடி கம்பீரமாகிவிட்டிருந்தது.

"பார்த்தீர்களா அன்பர்களே, எங்கள் சபையின் வேகத்தை! திட்டமிட்டபடியே..."

தெஹிவளைக் கிளினிக்கில் மாலை போட்டவர்களும் இல்லை, உரையாற்றியவர்களும் இல்லை. ஜாமின் தோளுக்குக் கீழே தோலைத் தூக்கி ஊசியால் சேலைன் விட்டார்கள். சூடான விளக்குக்குக் கீழே கிடத்தினார்கள். ஐறீன் ஒரு பிளாஸ்டிக் கதிரையில் இருந்து, பட்டரிடமிருந்து கழற்றிய மல்லிகை மாலையைப் பூப்பூவாகப் பிய்த்தாள். ஜனா வாசலில் நடந்தான். பொழுது சாயும் நேரம் உள்ளேயிருந்து ஒரு கீச்சுச் சத்தம் வந்தது. பிறகு இன்னொன்று, கோபமாக.

"பசிக்கிதாம்" என்று றலியா எட்டிப் பார்த்துச் சொன்னாள்.

ஐறீன் அப்போதுதான் அழுதாள்.

றலியா அதற்குப் பிறகு சபைக்குப் போகவில்லை. தன் கூட்டாளியோடு தெஹிவளையிலேயே சேர்ந்துகொண்டாள். முதல் கிழமையிலேயே மூச்சுவிட நேரமில்லாமல் வேலை இருந்ததாகப் போனில் சொன்னாள். உடம்பு கொஞ்சம் தேறியதும் குட்டிகள் இரண்டையும் நிறுத்துப் பார்த்துப் பூச்சி மருந்து கொடுத்தாள். "இண்டைக்கும் நாளைக்கும் அதுகள் படுக்கிற துணி மோசமாப் போகும். பயப்படாதீங்க" என்று சொல்லியும் விட்டாள்.

ஜாம் அந்த ஊதாப் பொன்னாடையை விட்டு வேறெதிலும் படுக்க மறுத்திருந்தது. ஆகவே றலியா சொன்னது அதன் மேல்தான் நடந்தது. எவ்வளவு பூச்சி, எவ்வளவு நீளம் என்பதை இங்கே எழுத வேண்டியதில்லை.

அதற்கு மறுநாள் காலை பத்மாவதி போன் எடுத்தார். கல்யாணக் கேக் ஒன்றுக்குப் பூ வைத்துக்கொண்டிருந்த ஐறீன், ஐசிங் கையோடு போனைத் தோளில் இடுக்கிக்கொண்டாள்.

"ஐறீன், நீர் அண்டைக்கு நடந்ததுக்கு மன்னிப்புக் கேப்பீர் எண்டு பாத்துக்கொண்டிருந்தன். பரவாயில்ல, அது போகட்டும். அந்த ஊதாப் பொன்னாடை உம்மட்டயோ?"

"ஓம் மிஸ். குட்டி அதிலதான்..."

"அது பிரதம விருந்தினருக்கெண்டு காஞ்சிபுரத்தால எடுப்பிச்சது! அவர் நாளைக்கு விடியப் பயணம். இண்டைக்குப் பின்னேரம் பிரியாவிடை. உடன அனுப்பிவிடும்."

"மிஸ், அதில ஒரு பிரச்சின..."

"ஒரு பிரச்சினையும் இல்ல. உடன அனுப்பும்." போன் வைக்கப்பட்டுவிட்டது.

ஐறீன் குசினியிலிருந்தே ஜனாவைக் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னாள். அன்று அவனுக்கு வெள்ளவத்தைப் பக்கம் ஓர் ஓட்டம் இருந்தது. போகிற வழியில் கொடுத்துவிடுவதாகச் சொல்லி, பொன்னாடையை மடித்து, கேக் கடையின் நல்ல பை ஒன்றில் போட்டு எடுத்துக்கொண்டு போனான். அவள் கல்யாணக் கேக்கின் மூன்றாம் தட்டுக்கு ஏறினாள்.

மறுநாள் சபையின் ஃபேஸ்புக்கில் பிரியாவிடைப் படங்கள் வந்தன. ஐறீனும் ஜனாவும் பிளேன்டீயைக் குடித்துக்கொண்டே பார்த்தார்கள். பட்டர் ஜனாவின் தோளில் இருந்தது, ஜாம் அவனுடைய தேநீரை மோப்பம் பிடித்தது. முதல் படத்தில் சவுந்தரநாயகம் ஊதாப் பொன்னாடையைப் பிரதம விருந்தினரின் தோளில் போர்த்துகிறார். இரண்டாவதில் பிரதம விருந்தினர், கிடைத்த கௌரவம் தன்னைவிட மூத்தவருக்கே உரியது என்று அதைக் கழற்றித் தலைவருக்கே போர்த்துகிறார். மூன்றாவதில் தலைவர் உணர்ச்சிவசப்பட்டு, பொன்னாடையின் தலைப்பை எடுத்து இரு கண்ணிலும் ஒற்றிக்கொள்கிறார். நாலாவதில் பத்மாவதி மூக்கைச் சுளித்துக்கொண்டு யன்னலைத் திறக்கிறார்.

ஜனா போனைக் கிட்டக் கொண்டுவந்து அந்தப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தான்.

"ஐறீன், எத போட்டுக் கழுவின? கறை அப்பிடியே இருக்கே."

ஐறீன் கோப்பையைக் கீழே வைத்தாள்.

"நானா? நீங்க கழுவிட்டுத்தான் குடுத்தீங்க எண்டில்ல நான் நெனச்சன்?"